தண்டனை, கடமை, தொலைவு: மனநலச் சட்டத்தின் வரலாற்றில் கேம்பல் பே

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அதன் 18ஆம் பிரிவில் ஒரு வாக்குறுதியைத் தருகிறது. மனநோயுற்ற எவரும் சிகிச்சைக்காக நெடுந்தொலைவு பயணம் செய்யவேண்டிய நிலை வரக்கூடாது. சேவை அவர் வாழும் இடத்துக்கு அருகிலேயே கிடைக்கவேண்டும். இந்தியாவின் தென்கோடியில், பெரிய நிக்கோபார் தீவின் கிழக்குக் கரையில் உள்ள கேம்பல் பேயிலிருந்து இந்த வாக்கியத்தைப் படிக்கும்போது அதன் கனம் கூடிவிடுகிறது. ஒன்றியப் பகுதியின் தலைமை மருத்துவமனையான கோவிந்த் பல்லப் பந்த் மருத்துவமனை, இன்று ஸ்ரீ விஜயபுரம் என வழங்கும் போர்ட் பிளேரில் உள்ளது. கேம்பல் பேயிலிருந்து அது ஏறத்தாழ 540 கிலோமீட்டர் தொலைவு. இடையில் இருப்பது கடல். சுமத்ராவின் வடமுனை அதைவிட அருகில் இருக்கிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்தியாவில் இலட்சம் பேருக்கு 12.4 பேர் தற்கொலையால் இறந்தனர். அந்தமான் நிக்கோபாரில் அவ்விகிதம் 42.8. சிக்கிமுக்கு அடுத்து நாட்டிலேயே மிக உயர்ந்த விகிதம் இதுவே. முந்தைய ஆண்டிலும் அது 39.7 ஆக இருந்தது. மக்கள்தொகை ஏறத்தாழ 4 இலட்சமே என்பதால் விகிதம் ஆண்டுக்காண்டு ஏறியிறங்கும் என்பது உண்மை. ஆயினும் தொடர்ந்து முதல் வரிசையில் நிற்கும் ஓர் எண்ணைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. அவ்வறிக்கை மாநிலம், ஒன்றியப் பகுதி, பெருநகரம் என்ற அலகுகளில் கணக்கிடுகிறது. தீவு என்ற அலகு அதில் இல்லை. ஆகவே கேம்பல் பேயின் துயரம் எதுவாயினும் அது ஒரு பொது விகிதத்துக்குள் கரைந்துபோகிறது.

தற்கொலையைத் தடுக்கும் கடமை இன்று சட்டத்தில் எழுதப்பட்டுள்ளது. அக்கடமை இத்தீவுகளை வந்தடைந்த வழி நீண்டது. அந்த வழியைப் பின்தொடர்ந்தால், இன்றைய அமலாக்கச் சிக்கலின் வேர் எங்கே இருக்கிறது என்பது தெளிவாகும்.

1. ஒரே ஆண்டில் இரு தொடக்கங்கள்

1858 மார்ச் 10 அன்று, முந்தைய ஆண்டின் கிளர்ச்சியில் தண்டிக்கப்பட்ட 200 கைதிகளுடன் கப்பல் ஒன்று போர்ட் பிளேரை அடைந்தது. அந்தமான் தண்டனைக் குடியிருப்பு அவ்வாறு தொடங்கியது. அதே ஆண்டில் பிரிட்டிஷ் இந்தியாவின் ‘லூனசி’ சட்டங்கள் எனப்பட்ட பித்தர் சட்டங்கள் மூன்றும் இயற்றப்பட்டன. ஒருவரைப் பித்தர் என அறிவிப்பது எவ்வாறு, அவருடைய சொத்தை நிர்வகிப்பது யார், அவரை எங்கே அடைத்துவைப்பது என்பவையே அச்சட்டங்களின் அக்கறைகள். நோயாளியின் உரிமை என்ற கருத்தே அவற்றில் இல்லை. 1862 சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் மூன்றாவது கண்ணியைச் சேர்த்தது. அதன் 309ஆம் பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியது. ஓராண்டு வரை வெறுங்காவல் விதிக்க இடமளித்தது.

இவ்வாறு, தீவில் துன்புற்ற மனிதர் அரசின் கண்ணில் இரண்டு உருவங்களில் மட்டுமே தெரிந்தார்: தப்ப முயலும் குற்றவாளி, அல்லது அடைக்கப்படவேண்டிய பித்தர்.

இதன் விளைவை 1912ஆம் ஆண்டு துலக்கமாகக் காட்டுகிறது. அவ்வாண்டு மார்ச் மாதம் பழைய சட்டங்களைத் தொகுத்து இந்தியப் பித்தர் சட்டம் இயற்றப்பட்டது. ஏறத்தாழ ஆறு வாரங்கள் கழித்து, ஏப்ரல் 29 அன்று, செல்லுலார் சிறையில் அலிப்பூர் வழக்கின் கைதியான இந்துபூஷண் ராய் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். சிறைவேலையின் கடுமையே காரணம் என்று உடனிருந்த கைதிகள் கூறினர். நிர்வாகம் அதை ஏற்கவில்லை. அடுத்த சில வாரங்களில் அதே வழக்கின் மற்றொரு கைதியான உல்லாஸ்கர் தத், தண்டனையாக விலங்கிடப்பட்ட நிலையில் காய்ச்சலும் வலிப்பும் கண்டு மனநிலை குலைந்தார். அவர் முதலில் போர்ட் பிளேரின் ஹாடோவில் இருந்த பித்தர் காப்பகத்துக்கும், 1913இன் தொடக்கத்தில் கடல் கடந்து சென்னைப் பித்தர் காப்பகத்துக்கும் அனுப்பப்பட்டார். கீழ்ப்பாக்கத்தில் இன்றும் இயங்கும் மனநல மருத்துவமனையின் முன்னோடி அதுவே.

அந்த ஆண்டின் வரலாறு இன்றைய ஆய்வாளருக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. மனம் உடைந்ததன் காரணத்தை நிர்வாகம் கைதியின் உள்ளத்தில் தேடியது. தான் நடத்திய சிறையில் தேடவில்லை. அடுத்து, இத்தீவுகளின் தீவிர மனநோய்க்கு மருந்து என்பது கப்பலேற்றி அனுப்புவதே என்ற வழக்கம் உருவாயிற்று. முதலாவது மனப்பாங்கைச் சட்டம் 105 ஆண்டுகளுக்குப் பின் எழுத்தளவில் கைவிட்டது. இரண்டாவது வழக்கம் அவ்வளவு எளிதில் மறையக்கூடியதன்று. ஏனெனில் அதற்கு நிலவியலின் துணை உண்டு.

2. 309ஆம் பிரிவின் நீண்ட ஆயுள்

விடுதலைக்குப் பின்னரும் 309ஆம் பிரிவு நீடித்தது. 1971இல் சட்ட ஆணையம் தன் 42ஆம் அறிக்கையில் அதை நீக்கப் பரிந்துரைத்தது. 1994இல் பி. ரத்தினம் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அப்பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்றது. 1996இல் கியான் கௌர் வழக்கில் ஐவர் அமர்வு அத்தீர்ப்பை மாற்றி, பிரிவு செல்லும் என்றது. 2008இல் சட்ட ஆணையத்தின் 210ஆம் அறிக்கை மீண்டும் நீக்கம் கோரியது.

இவ்விவாதத்தில் ‘இறக்கும் உரிமை’ என்ற தத்துவக் கேள்வியே முன்னால் நின்றது. நடைமுறைக் கேள்வி பின்தங்கியது. காவல்நிலையத்துக்கு அஞ்சிய குடும்பம் நடந்ததை விபத்து என்று சொல்லியது. விபத்து என்று பதிவான நோயாளிக்கு உடற்காயத்துக்கு மருந்து கிடைத்தது. மனத்துயருக்குக் கேள்வியே எழவில்லை. ஒருமுறை முயன்றவருக்கு மறுமுறை முயலும் ஆபத்து மிகுதி என்பது மருத்துவம் நன்கறிந்த உண்மை. அவரை அடையாளம் கண்டு அருகில் நிற்கவேண்டிய வேளையில், சட்டம் அவரை ஒளிந்துகொள்ளச் செய்தது.

2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு இந்த நிலையைத் தலைகீழாக்கியது. தற்கொலைக்கு முயன்றவர், மாறாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும். அவரைத் தண்டிக்கக் கூடாது. அதோடு நில்லாமல், அம்முயற்சி மீண்டும் நிகழாதிருக்க அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் அப்பிரிவு கூறுகிறது. 29ஆம் பிரிவு தற்கொலையைக் குறைக்கும் திட்டங்களை வகுக்குமாறு அரசைப் பணிக்கிறது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 309ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளவில்லை. அரசு ஊழியரைப் பணியவைக்கும் நோக்கத்துடன் செய்யப்படும் முயற்சியை மட்டும் குற்றமாக வைத்திருக்கிறது.

தண்டிக்கும் அதிகாரம் காக்கும் கடமையாயிற்று. ஆனால் இரண்டுக்கும் அமலாக்கத்தில் ஒரு வேறுபாடு உண்டு. தண்டிக்க ஒரு காவலரும் ஒரு நீதித்துறை நடுவரும் போதும். காப்பதற்கு மருத்துவர், மருந்து, தொடர்பணியாளர், வாகனம், பதிவேடு, நிதி அனைத்தும் வேண்டும். முன்னது எழுதியவுடன் இயங்கும், பின்னதைக் கட்டியெழுப்பவேண்டும்.

3. ஏர்வாடி சொன்ன பாடம்

எழுதப்பட்ட சட்டத்துக்கும் இயங்கும் சட்டத்துக்கும் இடையிலான பள்ளத்தைத் தமிழகம் ஒருமுறை நெருப்பின் வெளிச்சத்தில் கண்டது. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 1993 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருந்தது. மனநல இல்லங்கள் உரிமம் பெறவேண்டும், ஆய்வுக்கு உட்படவேண்டும் என்று அது கூறியது. எட்டாண்டுகள் கழித்து, 2001 ஆகஸ்டு 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் இல்லம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் தப்பியோட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. பதிவு பெற்றவையும் பெறாதவையுமான எல்லா மனநல இல்லங்களையும் மாவட்டவாரியாகக் கணக்கெடுக்க ஆணையிட்டது.

ஏர்வாடியில் சட்டம் இல்லாமலில்லை. எண்ணிப்பார்க்கும் வேலைதான் நடக்கவில்லை. இறந்தவர்களை எண்ணியபிறகே இல்லங்களை எண்ணினார்கள். இந்திய மனநலச் சட்ட வரலாற்றில் அமலாக்கம் மரணத்தின் பின்னே நடந்துவந்திருக்கிறது என்பதற்கு 1912ஐயும் 2001ஐயும் அருகருகே வைத்துப் பார்த்தாலே போதும்.

4. கேம்பல் பே: குடியேற்றமும் பேரலையும்

கேம்பல் பேயின் நவீன வரலாறு 1969இல் தொடங்குகிறது. அவ்வாண்டு முதல் 1980 வரை, பஞ்சாப், மகாராட்டிரம், கேரளம், தமிழ்நாடு முதலிய மாநிலங்களிலிருந்து ஏறத்தாழ 330 முன்னாள் இராணுவத்தினரின் குடும்பங்கள் பெரிய நிக்கோபாரில் குடியேற்றப்பட்டன. காடு திருத்தி, தென்னையும் பாக்கும் வைத்து, கோவிந்த் நகர், ஜோகிந்தர் நகர், காந்தி நகர், சாஸ்திரி நகர் முதலிய ஊர்களை அவர்கள் உருவாக்கினர். அவர்களுக்கு நெடுங்காலம் முன்பிருந்தே நிக்கோபாரியர் கரையோரங்களிலும் ஷோம்பென் மக்கள் உட்காடுகளிலும் வாழ்ந்துவருகின்றனர். 2011 கணக்கெடுப்பின்படி தீவின் மக்கள்தொகை ஏறத்தாழ 8,000.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்த அமைப்பைச் சிதைத்தது. தீவின் தென்முனையான இந்திரா முனையில் நிலம் நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போயிற்று. கரையோர ஊர்கள் அழிந்தன. மேற்குக் கரையில் வாழ்ந்த நிக்கோபாரியர் கேம்பல் பேயை அடுத்த ராஜீவ் நகரில் குடியமர்த்தப்பட்டனர். மூதாதையர் ஊர்களுக்குத் திரும்பவேண்டும் என்ற அவர்களின் கோரிக்கை இன்றும் நிற்கிறது.

பேரலைக்குப் பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் குழுக்கள் அந்தமான் நிக்கோபாருக்கு வந்தன. அப்பணியிலிருந்து பிறந்து 2008இல் ‘பிரீஹாஸ்பிடல் அண்ட் டிசாஸ்டர் மெடிசின்’ இதழில் வெளியான ஆய்வு ஒன்று, தொடக்க மாதங்களில் உதவி நாடிவந்த 475 பேரைப் பற்றியது. போர்ட் பிளேர் முகாம்களுக்கு இடம்பெயர்க்கப்பட்டோரிடையே மனநோய் விகிதம் 5.2 விழுக்காடு, கார் நிக்கோபாரில் தம் தீவிலேயே தங்கியோரிடையே 2.8 விழுக்காடு. அழிவு மிகுதியாக நேர்ந்த இடம் கார் நிக்கோபார். ஆனால் மனச்சுமை மிகுந்திருந்தது ஊரைவிட்டு அகற்றப்பட்டவர்களிடம்.

இந்தக் கண்டுபிடிப்பை 1913இன் கப்பலோடு சேர்த்துப் படிக்கலாம். காப்பாற்றுவதற்காகத் தீவிலிருந்து அகற்றுவது சிலவேளை தவிர்க்க முடியாதது. ஆனால் அகற்றலும் ஒரு காயமே. உறவும் மொழியும் பழகிய கரையும் நோயுற்ற மனத்துக்கு மருந்தின் பகுதிகள். ‘வாழும் இடத்துக்கு அருகில்’ என்று சட்டம் சொல்வது வசதிக்காக மட்டும் சேர்க்கப்பட்ட சொற்றொடர் அன்று என்பதை இத்தீவுகளின் அனுபவமே மெய்ப்பிக்கிறது.

5. கேம்பல் பேயிலிருந்து சட்டத்தை வாசித்தல்

18ஆம் பிரிவு குறைந்தபட்ச மனநலச் சேவை ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கவேண்டும் என்கிறது. அச்சேவை இல்லாவிடில் அதே மாவட்டத்தின் வேறொரு சேவையை நாடலாம். சிகிச்சைச் செலவை அரசு ஏற்கவேண்டும். நிலப்பரப்பில் இந்த ஏற்பாடு போதுமானது. மதுரை மாவட்டத்தின் கடைக்கோடி ஊரிலிருந்தும் பேருந்தில் மாவட்டத் தலைநகரை அரை நாளில் அடையலாம். நிக்கோபார் மாவட்டத்தின் தலைநகரோ கார் நிக்கோபார். அங்குள்ள பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் மருத்துவமனை கேம்பல் பேயிலிருந்து 250 கிலோமீட்டருக்கும் அப்பால், வேறொரு தீவில் இருக்கிறது. கப்பல் கிடைக்கவேண்டும், அல்லது ஹெலிகாப்டரில் இருக்கை கிடைக்கவேண்டும். பருவமழைக் கடல் இரண்டுக்கும் தடையாகலாம். சிகிச்சைச் செலவை ஏற்கும் விதி, உடன்செல்லும் உறவினரின் கூலியிழப்பையும் காத்திருப்பு நாட்களையும் பற்றிப் பேசவில்லை. ‘மாவட்டம்’ என்னும் சொல்லே தரையில் நின்று எழுதப்பட்டது.

சட்டமியற்றியோர் தொலைவை அறியாமலில்லை. 114ஆம் பிரிவு, தகவல்தொடர்பு, பயண இடர்ப்பாடுகளைக் கருதி, வடகிழக்கு மாநிலங்களுக்குச் சில காலக்கெடுக்களைத் தளர்த்துகிறது. அத்தளர்வுகளுள் சில அந்தமான் நிக்கோபாருக்கும் இலட்சத்தீவுக்கும் பொருந்தும். இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. தொலைவு என்ற காரணத்துக்காக நிர்வாகத்துக்குக் கூடுதல் நாட்கள் கிடைத்தன. நோயாளிக்குக் கூடுதல் சேவை கிடைக்கவில்லை. கடலின் பாரம் யார்மீது சுமத்தப்பட்டது என்பது இதில் தெரிகிறது.

இச்சிறப்பு ஏற்பாடு சட்டம் தொடங்கிய பத்தாண்டுகளில், அதாவது 2028 மே மாதத்தில் முடிவுறும். மக்கள்தொகைக்கேற்ற மனநலப் பணியாளர் எண்ணிக்கையைப் பன்னாட்டு அளவுகோலுக்கு உயர்த்த முயலவேண்டும் என 31ஆம் பிரிவு விதித்துள்ள பத்தாண்டும் அப்போதே நிறைவடைகிறது. கடமை யாருடையது என்பதிலும் ஐயமில்லை. சட்டமன்றம் இல்லாத ஒன்றியப் பகுதிக்கு ‘உரிய அரசு’ என்பது ஒன்றிய அரசே.

6. சட்டத்தின் எல்லை

தற்கொலை அனைத்தும் மனநோயின் விளைவு என்று கொள்வது 1912இன் நிர்வாகம் செய்த பிழையை வேறு வடிவில் திரும்பச் செய்வதாகும். கடன், குடும்ப வன்முறை, மது, தேர்வுத் தோல்வி, நிலமிழப்பு ஆகியவையும் மனிதரை விளிம்புக்குத் தள்ளுகின்றன. இலங்கையின் அனுபவம் இங்கு நினைக்கத்தக்கது. 1995இல் அத்தீவில் தற்கொலை விகிதம் இலட்சத்துக்கு 47. இன்றைய அந்தமான் நிக்கோபாரின் விகிதத்துக்கு ஒப்பானது. மிகு நச்சுப் பூச்சிக்கொல்லிகளை அரசு படிப்படியாகத் தடைசெய்து, தடையை உறுதியாக அமல்படுத்தியது. 2005க்குள் விகிதம் ஏறத்தாழப் பாதியாயிற்று, பின்னரும் குறைந்தது. 1998இல் தற்கொலை முயற்சி குற்றம் என்ற விதியையும் இலங்கை நீக்கியது. உயர்ந்த விகிதம் ஒரு தீவின் தலைவிதி அன்று. அமல்படுத்தப்பட்ட விதி அதைக் குறைக்கும்.

ஆகவே மனநலச் சட்டத்தின் அமலாக்கம் தனித்து நின்று எல்லாவற்றையும் சாதிக்காது. ஆனால் முயன்று பிழைத்தவரை மீண்டும் அந்த விளிம்புக்குப் போகவிடாமல் பிடித்துநிறுத்தும் கடமை வேறெந்தச் சட்டத்திலும் இவ்வளவு தெளிவாக இல்லை.

7. அமலாக்கம் என்பதன் பொருள்

கேம்பல் பேயில் இச்சட்டம் இயங்குகிறதா என்பதைச் சில எளிய கேள்விகளால் அளக்கலாம். அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலர், 31ஆம் பிரிவு கோரும் அடிப்படை மனநலப் பயிற்சி பெற்றவரா? மனநோய்க்கான அத்தியாவசிய மருந்துகள், கப்பல் தாமதித்தாலும் தீராத அளவில் இருப்பில் உள்ளனவா? முயன்று பிழைத்தவரைக் காவலர் விசாரிக்கும் முறை 115ஆம் பிரிவுக்கேற்ப மாறியிருக்கிறதா? அவர் வீடு திரும்பிய பின் முதல் வாரத்திலும் முதல் மாதத்திலும் யார் சென்று பார்க்கிறார்? அந்த வருகை தீவுவாரியான பதிவேட்டில் ஏறுகிறதா?

இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு கோருவதன்று. 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட சென்னை–அந்தமான் கடலடிக் கண்ணாடியிழை வடம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் ஓடிப் பெரிய நிக்கோபாரையும் தொட்டுள்ளது. 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவை தமிழ் உள்ளிட்ட மொழிகளில் இயங்குகிறது. 1913இல் நோயாளி தீவிலிருந்து சென்னைக்குச் செல்லவேண்டியிருந்தது. இன்று மருத்துவரின் குரல் தீவுக்கு வரமுடியும். ஆனால் அக்குரலைக் கேட்டபின் மருந்தை எடுத்துக்கொடுக்கவும் மறுநாள் கதவைத் தட்டவும் தீவிலேயே ஒருவர் இருக்கவேண்டும். 2025 சூலை 25 அன்று சுக்தேவ் சாகா வழக்கில் உச்ச நீதிமன்றம், மனநலம் வாழ்வுரிமையின் பகுதி எனக் கூறிக் கல்வி நிறுவனங்களுக்கு வகுத்த நெறிமுறைகள் கேம்பல் பேயின் பள்ளி மாணவருக்கும் உரியவை.

காலம் கடத்த இடமில்லாமைக்கு வேறொரு காரணமும் உண்டு. துறைமுகம், விமான நிலையம், நகரியம், மின்நிலையம் ஆகியவற்றை உள்ளடக்கிய பெரிய நிக்கோபார் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. விமான நிலையத்துக்கெனக் குறிக்கப்பட்ட நிலம், பேரலையில் ஒருமுறை வீடிழந்த காந்தி நகர், சாஸ்திரி நகர் குடியேறிகளின் நிலத்தையும் உட்கொண்டது. திட்டத்தின் நன்மை தீமை பற்றிய விவாதம் தனி. இடப்பெயர்வு மனத்தின்மீது ஏற்றும் சுமையை இதே தீவுக்கூட்டத்தின் ஆய்வு ஏற்கெனவே அளந்து சொல்லியிருக்கிறது. துறைமுகத்துக்கு வரைபடம் இருப்பதுபோல் மனநலச் சேவைக்கும் வரைபடம் இருக்கவேண்டும். அது முன்னதாக இருக்கவேண்டும்.

2022 நவம்பரில் வெளியான தேசியத் தற்கொலைத் தடுப்பு வியூகம், 2030க்குள் தற்கொலை இறப்பை 10 விழுக்காடு குறைப்பதை இலக்காக வைத்தது. நாடு முழுமைக்குமான சராசரி குறைந்தாலும் கேம்பல் பே குறையாமலிருக்கலாம். சராசரிக்கு அது தெரியவும் தெரியாது. செல்லுலார் சிறையிலும் ஏர்வாடியிலும் அரசு இறப்புக்குப் பின்னரே கேள்வி கேட்டது. 2017ஆம் ஆண்டின் சட்டம் முன்கூட்டியே கேட்கும் கடமையை அரசுக்கு அளித்திருக்கிறது. அதன் தொலைகோடிக் கரையில் அக்கேள்வி கேட்கப்படுகிறதா என்பதே சட்டம் உயிரோடு இருப்பதற்கான சான்று.

(மன உளைச்சலில் இருப்போரும் அவர்களுக்காகக் கவலைப்படுவோரும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம்.)